சிக்னல் இல்லாத வளைவுக்கு ஒரு செயலி

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாக வரும் பேருந்து, காரவள்ளி அடிவாரத்தில் கொல்லிமலைப் பாதையைப் பிடிக்கிறது. அங்கிருந்து மேலே போய்ச் சேர 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் எண் உண்டு. அடிவாரத்தில் போனில் நிறைந்திருந்த சிக்னல் கோடுகள் ஏற ஏறக் குறையும், கூடும், சில இடங்களில் அடியோடு மறையும். பாதை சமவெளியைப் பார்த்துத் திரும்பும்போது கீழே உள்ள கோபுரம் நேர்ப்பார்வையில் கிடைக்கிறது. மலையின் மடிப்புக்குள் திரும்பும்போது பாறை குறுக்கே நிற்கிறது.

இது அலைகளின் குணம். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 செ.மீ.; 2,300 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 13 செ.மீ. முகட்டைத் தொட்டுச் சற்றே வளைந்து மறுபக்கம் இறங்க நீண்ட அலையால் ஓரளவு முடியும். குறுகிய அலைக்கு அது கடினம். ஈரமான இலைகளும் குறுகிய அலையை எளிதில் விழுங்கிவிடும். போதாக்குறைக்கு, இணையத்துக்கு மற்ற எல்லாவற்றையும்விடத் தெளிவான சிக்னல் வேண்டும். அதனால் மலையில் முதலில் போவது இணையம். அடுத்தது பேச்சு. கடைசிவரை தாக்குப்பிடிப்பது குறுஞ்செய்தி.

கடல்மட்டத்துக்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் இந்த மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். சில்வர் ஓக் மரத்தில் ஏறி மிளகு பறிப்பவர் கால் தவறி விழலாம். சாமைக் காட்டில் ஒருவரைப் பாம்பு கடிக்கலாம். வளைவில் பைக் சறுக்கலாம். அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கை அருவிக்குப் போகும் வெளியூர்க்காரர் பாறையில் வழுக்கி விழலாம். இவர்களில் பெரும்பாலோர் கையில் ஸ்மார்ட்போன் இருக்கும். அந்த நிமிடத்தில் அதில் இணையம் இருக்கும் என்று நம்பி ஒரு பாதுகாப்புச் செயலியைக் கட்ட முடியுமா?

முடியாது. இணையம் இல்லை என்ற இடத்திலிருந்தே கட்டத் தொடங்க வேண்டும். அப்படி ஒரு செயலியைக் கொல்லிமலைக்காக நாமே கட்டுவதாக வைத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு பகுதியும் எந்த அறிவியலில் ஓடுகிறது என்று இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

கேட்க மட்டும் தெரிந்த கருவி

சிக்னல் போனால் போனே போய்விட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் போனுக்குள் பல வானொலிக் கருவிகள் இருக்கின்றன. செல்போன் கோபுரத்தோடு பேசுவது அவற்றில் ஒன்று மட்டுமே. வைஃபை, புளூடூத், ஜி.பி.எஸ். மூன்றும் தனித்தனி. இவற்றில் ஜி.பி.எஸ்.ஸுக்குக் கோபுரமும் வேண்டாம், இணையமும் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம். அது வீட்டு ரேடியோப் பெட்டி மாதிரி: கேட்கும், பேசாது.

சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தையும் அணுக் கடிகாரம் காட்டும் நேரத்தையும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஒளியின் வேகத்தில் வந்தாலும் அந்தச் செய்தி நம்மை அடைய ஒரு விநாடியில் 15-இல் ஒரு பங்கு நேரம் ஆகிறது. எவ்வளவு தாமதம் என்று அளந்தால் தூரம் கிடைக்கும். நான்கு செயற்கைக்கோள்களின் தூரம் கிடைத்தால் நாம் நிற்கும் இடத்தையும், போன் கடிகாரத்தின் பிழையையும் சேர்த்தே கணக்கிட்டுவிடலாம். ஒரு நானோவிநாடியில் ஒளி 30 செ.மீ. போகிறது. அத்தனை நுட்பமான கணக்கை நம் சட்டைப்பையில் இருக்கும் சில்லு செய்கிறது.

அப்படியானால் நகரத்தில் உடனே கிடைக்கும் இருப்பிடம், இணையம் இல்லாத இடத்தில் ஏன் தாமதமாகிறது? செயற்கைக்கோள் பேசும் வேகம் விநாடிக்கு 50 பிட் மட்டுமே. தன் பாதை பற்றிய விவரத்தை அது 30 விநாடிக்கு ஒருமுறை சொல்கிறது. எல்லாச் செயற்கைக்கோள்களின் பொது அட்டவணையைச் சொல்லி முடிக்கப் பன்னிரண்டரை நிமிடம் எடுத்துக்கொள்கிறது. இணையம் இருந்தால் போன் இந்த விவரங்களைக் கோபுரம் வழியாக நொடியில் வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் வானத்திலிருந்து வருவதைப் பொறுமையாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும். இடையில் மரம் மறைத்தால், பாறை மறைத்தால், அந்த 30 விநாடிச் செய்தி அறுபட்டுப் போகும். மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும்.

ஆகவே நம் செயலியின் முதல் வேலை அடிவாரத்திலேயே தொடங்க வேண்டும். காரவள்ளியில் இணையம் இருக்கும்போதே அது செயற்கைக்கோள்களின் பாதை விவரங்களைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அவை சில மணி நேரம் செல்லுபடியாகும். ஏறும் வழியில் அவ்வப்போது இருப்பிடத்தைக் குறித்து வைக்க வேண்டும். ஆகாய கங்கையின் பள்ளத்தில் வானம் ஒரு துண்டாகத்தான் தெரியும். அங்கே கிடைக்கும் செயற்கைக்கோள்கள் குறைவு. இருப்பவற்றின் அலைகளும் பாறையில் பட்டுத் திரும்பி வந்து தூரக் கணக்கைக் கெடுக்கும். அப்போது 'இப்போது இங்கே இருக்கிறார்' என்று பிழையாகச் சொல்வதைவிட, 'பத்து நிமிடம் முன்பு இந்த இடத்தில் இருந்தார், இறங்கும் திசையில் போனார்' என்று சொல்வது தேடுபவருக்கு உதவும்.

வளைவு எண்ணே முகவரி

ஜி.பி.எஸ். தருவது எண்கள். அட்சரேகையில் ஒரு பாகை என்பது தரையில் சுமார் 111 கி.மீ. புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்கள் வைத்தால் 11 மீட்டர் துல்லியம். திறந்த வெளியில் போனின் பிழையே சில மீட்டர் என்பதால் அதற்கு மேல் இலக்கம் சேர்த்துப் பயனில்லை.

ஆனால் நடு இரவில் அலறும் போனை எடுக்கும் உறவினரோ, மலையேறிவரும் ஆம்புலன்ஸ் ஓட்டுநரோ எண்களைப் பார்த்து இடத்தைப் புரிந்துகொள்ள மாட்டார்கள். கொல்லிமலைப் பாதையில் எல்லோரும் இடம் சொல்லும் முறை ஏற்கெனவே இருக்கிறது: இத்தனையாவது வளைவு. செயலி அதையே பேச வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கொண்டை ஊசிப் பாதையில் ஒரு வளைவும் அதற்கடுத்த வளைவும் வரைபடத்தில் ஒட்டினாற்போல் தெரியும்; ஆனால் ஒன்று மேலே, ஒன்று கீழே. பக்கவாட்டில் பிழை சிறிதாக இருந்தாலும், உயரத்தில் ஜி.பி.எஸ். செய்யும் பிழை பெரிது. வளைவு மாறிச் சொல்லிவிடும். இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, செயலி தான் ஏறிவந்த தடத்தை நினைவில் வைத்துக்கொண்டு வளைவுகளை வரிசையாக எண்ணிக்கொண்டே வருவது. இன்னொன்று காற்றழுத்தம். சில போன்களில் அழுத்தமானி இருக்கிறது. எட்டு ஒன்பது மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் சுமார் ஒரு மில்லிபார் குறையும். காரவள்ளியில் அளந்த அழுத்தத்தோடு ஒப்பிட்டால், எத்தனை மீட்டர் ஏறியிருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். வானிலை மாறினால் அழுத்தமும் மாறும் என்றாலும், ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அந்த மாற்றம் பொதுவாகச் சிறிதுதான்.

பாதையை விட்டு விலகிய ஊர்களுக்கு இன்னொரு பட்டியல் வேண்டும்: நாட்டின் பெயர், ஊரின் பெயர், கோயில், பள்ளிக்கூடம், ஓடை, ரேஷன் கடை. இவற்றைச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த ஊர்க்காரர்களே. 2004-இல் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற பொது வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் தங்கள் ஊரைச் சேர்க்கலாம். அதை இலவசமாக இறக்கிப் போனில் வைத்துக்கொள்ளலாம். படமாகச் சேமிக்காமல் கோடுகளும் புள்ளிகளுமாகச் சேமித்தால் ஒரு மலை முழுவதும் சில மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். அறிவு முன்கூட்டியே போனுக்குள் வந்துவிட்டால், ஆபத்து நேரத்தில் வெளியே அனுப்ப வேண்டியது மிகச் சிறிதாகிவிடும். செயலி முழுவதும் நிற்பது இந்த ஒரு கொள்கையின் மேல்.

எழுபது இடங்களுக்குள் ஓர் உயிர்

எவ்வளவு சிறிது என்று பார்ப்போம். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துகளை 7 பிட்டில் அடைப்பதால் அதில் 160 எழுத்துகள் கொள்ளும். தமிழ் எழுத்துகளுக்கு 16 பிட் தேவை. ஆகவே 70 இடங்கள்தான். அதிலும் உயிர்மெய்க்குறிகளும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கின்றன. 'விபத்து' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. போனுக்கு ஏழு இடம். எழுபதைத் தாண்டினால் செய்தி இரண்டாக உடையும். இரண்டும் போய்ச் சேர்ந்தால்தான் முழுதாகப் படிக்க முடியும். பலவீனமான சிக்னலில் அந்த ஆபத்தை வரவழைத்துக்கொள்ளக் கூடாது.

இந்தச் செய்தியைப் பாருங்கள் (எண்கள் எடுத்துக்காட்டுக்காக):

விபத்து. 38வது வளைவு. உதவி தேவை. 11.3000,78.3400 16:40 பேட்டரி 22%

இடைவெளிகளையும் புள்ளிகளையும் சேர்த்து எண்ணினால் 66 இடங்கள். என்ன நடந்தது, எங்கே, எப்போது, இன்னும் எவ்வளவு நேரம் இந்த போன் உயிரோடு இருக்கும் என்ற நான்கும் ஒரே குறுஞ்செய்திக்குள் அடங்கிவிட்டன. பெறுபவரிடம் இந்தச் செயலி இருக்க வேண்டியதில்லை, ஸ்மார்ட்போன்கூட வேண்டியதில்லை. தமிழ் காட்டத் தெரிந்த பட்டன் போன் போதும்.

குறுஞ்செய்தி ஏன் கடைசிவரை தாக்குப்பிடிக்கிறது? பேச்சுக்குத் தொடர்ச்சியான இணைப்பு வேண்டும். சில விநாடி அறுந்தாலும் அழைப்பு துண்டிக்கப்படும். குறுஞ்செய்தியோ, கோபுரமும் போனும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளப் பயன்படுத்தும் கட்டுப்பாட்டுத் தடத்தில் ஒரு நொடியில் போய்விடும். போகாவிட்டால் செயலி மறுபடி மறுபடி முயன்றுகொண்டே இருக்கலாம். கோபுரத்தை எட்டிவிட்டால், பெறுபவரின் போன் அணைந்திருந்தாலும் அது நிறுவனத்தின் மையத்தில் காத்திருந்து பிறகு போய்ச் சேரும். தமிழ்நாடு காவல்துறை 2018-இல் கொண்டுவந்த 'காவலன் எஸ்.ஓ.எஸ்.' செயலியிலும், டேட்டா இல்லாத இடத்தில் எச்சரிக்கை தானாகவே குறுஞ்செய்தியாகப் போகும்படி வழி வைத்திருந்தார்கள்.

செயலியைக் கட்டுபவர் அறிந்திருக்க வேண்டிய தடைகளும் உண்டு. ஆண்ட்ராய்டில் குறுஞ்செய்தி அனுப்பும் உரிமையைக் கூகுள் 2019 முதல் மிகச் சில வகைச் செயலிகளுக்கே தருகிறது. உயிர்ப் பாதுகாப்புச் செயலிகள் விதிவிலக்குக் கேட்டுப் பெற வேண்டும். ஐபோனில் செயலி தானாகக் குறுஞ்செய்தி அனுப்ப முடியாது. எழுதித் தயாராக வைக்கலாம், அனுப்பும் பொத்தானை மனிதர்தான் தொட வேண்டும். மயங்கிக் கிடப்பவரால் அது முடியாது. ரீசார்ஜ் முடிந்துபோன சிம்மிலிருந்தும் குறுஞ்செய்தி போகாது.

அந்த நிலையிலும் திறந்திருக்கும் கதவு அவசர உதவி எண்ணான 112. நம் செல்போன் நிறுவனத்தின் சிக்னல் இல்லாமல் வேறொரு நிறுவனத்தின் கோபுரம் மட்டும் எட்டும் இடத்தில், போன் திரையில் அவசர அழைப்பு மட்டும் என்று காட்டும். அப்போதும் 112-ஐ அழைக்கலாம். குறுஞ்செய்திக்கு இந்தச் சலுகை இல்லை. எனவே செயலி குறுஞ்செய்தியை முயன்றுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. வேறு கோபுரம் தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் 112-க்கான பொத்தானைத் திரை முழுக்கப் பெரிதாகக் காட்ட வேண்டும். அழைக்கும்போது சொல்ல வேண்டிய வளைவு எண்ணையும் ஊர்ப் பெயரையும் அதன் கீழேயே கொட்டை எழுத்தில் காட்ட வேண்டும். பதற்றத்தில் நிற்பவருக்குத் தன் இடத்தைச் சொல்ல வாய் வராது.

கடல் கற்றுத்தந்த பாடம்

எந்தக் கோபுரமும் எட்டாத இடத்தில் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் முதலில் பதில் தேடவேண்டி வந்தது மலையில் அல்ல, கடலில். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் உருவெடுத்தபோது, ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து 10, 12 கி.மீ.க்கு அப்பால் செல்போன் வேலை செய்யாது. நாள்கணக்கில் கடலில் தங்கியிருந்தவர்கள் புயலுக்கு நடுவே அகப்பட்டார்கள். எத்தனையோ பேர் திரும்பவே இல்லை.

அந்தத் துயரத்துக்குப் பிறகு, ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் எனும் கடல்சார் தகவல் மையமும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவியை வெளியிட்டன. விமானங்களுக்கு வழிகாட்டும் ககன் செயற்கைக்கோள் அமைப்பின் வழியாகப் புயல் எச்சரிக்கையும் அலை உயரமும் அனுப்பப்படும். படகில் இருக்கும் சிறு பெட்டி அதைப் பெற்று, புளூடூத் வழியாக மீனவரின் போனுக்குத் தரும். போனில் இருக்கும் செயலி அதை அவரது மொழியில் காட்டும். போனுக்கு இல்லாத காதை அந்தப் பெட்டி தந்தது. ஆனால் அது ஒருவழிப் பாதை. மீனவரால் பதில் சொல்ல முடியாது, உதவி கேட்க முடியாது. படகுகளிலிருந்து கரைக்கும் செய்தி அனுப்பக்கூடிய இருவழிக் கருவிகளை இஸ்ரோ உருவாக்கியது. ஒரு லட்சம் படகுகளில் அவற்றைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காக 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' செயலியை உருவாக்கியது. பன்னாட்டுக் கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும் வசதியும் அதில் உண்டு. எல்லைக்கோட்டைப் போனில் வைத்திருந்து, ஜி.பி.எஸ்.ஸோடு ஒப்பிட்டால் போதும். அந்தக் கணக்குக்கு இணையம் எதற்கு? அதே நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு ரகங்களைக் காக்க மலைமக்களோடு வேலை செய்துவருகிறது. கடலுக்குப் போன சிந்தனை மலைக்கு வருவதற்குத் தூரம் அதிகமில்லை.

மலைக்கு ஜெமினிப் பெட்டியின் இன்னொரு வடிவம் பொருந்தும். 'லோரா' எனப்படும் வானொலி முறை மிகக் குறைந்த மின்சக்தியில், மிக மெதுவாக, சிறு செய்திகளைக் கிலோமீட்டர் கணக்கில் அனுப்பும். இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இதற்கு உரிமம் தேவையில்லை. சூரிய ஒளியில் இயங்கும் சிறு கருவிகளை முகடுகளில் வைத்தால், ஒரு முகட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவி நம் 66 இடச் செய்தி சிக்னல் உள்ள ஊர்வரை வந்துவிடும். போனுக்குள் லோரா இல்லை என்பதால் ஊருக்கு ஓரிரண்டு பெட்டிகளாவது வேண்டும். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை ஆகியவை அதற்கு ஏற்ற இடங்கள். சாட்டிலைட் போன் வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றலாம். அரசின் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம்.

பேருந்து சுமக்கும் செய்தி

பெட்டியும் இல்லை என்றால்? ஒரு போன் இன்னொரு போனிடம் நேரடியாகச் செய்தியைக் கொடுக்கலாம். 2010-இல் ஹைட்டி நிலநடுக்கம் தொலைத்தொடர்பை முறித்துப்போட்டதைப் பார்த்து, ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் கார்ட்னர்-ஸ்டீஃபன் 'செர்வல்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். கோபுரமே இல்லாமல் போன்கள் தங்களுக்குள் வலை பின்னிக்கொள்ளும் முறை அது.

ஆனால் புளூடூத்தின் எல்லை பத்து மீட்டரிலிருந்து சில பத்து மீட்டர்வரைதான். சந்தையிலோ திருவிழாவிலோ இது நன்றாக வேலை செய்யும். ஆள் நடமாட்டமில்லாத சரிவில் அடுத்த போன் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். அங்கே வேறு கணக்குப் போட வேண்டும்: அலையால் தாண்ட முடியாத தூரத்தைப் பேருந்தால் தாண்ட முடியும்.

2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 'டாக்நெட்' என்ற முறையைக் கர்நாடகத்தின் தொட்டபள்ளாபுராவில் சோதித்தார்கள். இணையம் இல்லாத கிராமங்களின் தகவல்களை, வைஃபை பொருத்திய பேருந்து ஊர் ஊராக நின்று வாங்கிக்கொண்டு, இணையம் உள்ள இடத்தில் இறக்கியது. கொல்லிமலையிலும் இது நடக்கலாம். வளைவில் விழுந்து கிடப்பவரின் போன் தன் செய்தியைப் புளூடூத்தில் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த வழியே இறங்கும் பேருந்தில் ஒரே ஒரு பயணியின் போனில் இந்தச் செயலி இருந்தால், அது செய்தியை வாங்கிக்கொள்ளும்; நாலு வளைவு தாண்டிச் சிக்னல் கிடைத்ததும் அனுப்பிவிடும். பயணிக்குக்கூடச் சொல்லலாம்: பின்னால் இத்தனையாவது வளைவில் ஒருவருக்கு உதவி தேவை, ஓட்டுநரிடம் சொல்லுங்கள்.

இதற்குச் சில விதிகள் வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் அடையாள எண் இருந்தால் ஒரே செய்தி பத்து போன்கள் வழியாகப் பத்து முறை போய்க் குழப்பாது. ஒரு நாளுக்குப் பிறகு செய்தி தானாக அழிய வேண்டும். சுமந்து செல்பவருக்கு இடமும் தேவையும் மட்டும் தெரிய வேண்டும். பெயரும் தொலைபேசி எண்ணும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். தனியாக இருக்கும் ஒரு பெண் எங்கே இருக்கிறார் என்ற தகவல் தவறான கைக்குப் போனால், காப்பாற்ற வந்த செயலியே ஆபத்தாகிவிடும். அவர் விரும்பினால் இந்த வழியையே அணைத்துவைக்கும் உரிமையும் அவரிடம் இருக்க வேண்டும்.

சிக்னல் எங்கே என்று சொல்லும் வரைபடம்

பயணிகளின் போன்கள் இன்னொரு வேலையும் செய்யலாம். சிக்னலின் பலத்தைப் போன் எப்போதும் அளந்துகொண்டே இருக்கிறது. அந்த அளவு −80 டெசிபெல் மில்லிவாட் என்றால் நல்ல சிக்னல். −110 என்றால் அதைவிட ஆயிரம் மடங்கு பலவீனம். −120-ஐ நெருங்கினால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. தினமும் மலையேறி இறங்கும் சிலரின் செயலிகள், பெயர் எதுவும் சேர்க்காமல், இடத்தையும் இந்த அளவையும் மட்டும் பதிந்துவைத்தால், மலையின் சிக்னல் வரைபடம் மெல்ல மெல்ல உருவாகும். பிறகு அதை எல்லோர் போனிலும் முன்கூட்டியே வைத்துவிடலாம். மனைவிக்குப் பிரசவ வலி கண்டதும் போனைத் தூக்கிக்கொண்டு எந்தத் திசையில் ஓடுவது என்று திகைத்து நிற்கும் கணவருக்கு, மேலே முந்நூறு மீட்டர் நடந்தால் சிக்னல் கிடைக்கும் என்று திசைகாட்டியோடு சொல்லும் அந்த ஒரு வரி, செயலியின் மற்ற எல்லா வசதிகளையும்விட மதிப்புள்ளதாக இருக்கும். இந்த வரைபடம் புதிய கோபுரம் எங்கே வேண்டும் என்று கேட்கும் மக்களின் கையிலும் ஒரு சான்றாக நிற்கும்.

பேட்டரியையும் மறக்கக் கூடாது. சிக்னல் குறையக் குறைய போன் தன் ஒலிபரப்புச் சக்தியைக் கூட்டிக் கோபுரத்தைத் தேடுகிறது. அதனால்தான் மலையில் சார்ஜ் வேகமாகக் கரைகிறது. ஆபத்து நிலையில் செயலி திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, இருப்பிடத்தை இடைவெளி விட்டு எடுத்து, நகராமல் கிடப்பவரின் போனை வீணாகத் தேடவிடாமல் காக்க வேண்டும். விமானப் பயண நிலையில் வைத்தாலும் ஜி.பி.எஸ். கேட்டுக்கொண்டுதான் இருக்கும் என்பதை மலைக்குப் போகும் எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பொத்தான் எளிதாகவும் இருக்க வேண்டும், தவறி அழுந்தாமலும் இருக்க வேண்டும். மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதி, பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ நீண்ட நேரம் அழுத்தினாலோ, ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை மூன்று முறை தட்டினாலோ அவசர அழைப்பு போக வேண்டும் என்றது. போனைக் குலுக்கினால் எச்சரிக்கை போகும் வசதி நகரத்தில் பயன்படலாம். 70 வளைவுகளில் குலுங்கிப் போகும் பேருந்தில் அது பொய் எச்சரிக்கைகளைக் குவிக்கும். பத்து விநாடி ஒலி எழுப்பி, ரத்துசெய்ய வாய்ப்புத் தந்து, அதன்பின் அனுப்புவதே பொருத்தம். மிரட்டலுக்கு ஆளானவருக்கு மட்டும் ஒலியில்லாத தனி வழி வேண்டும்.

உதவி வரும்வரை

செய்தி போனாலும் உதவி வரச் சில மணி நேரம் ஆகலாம். அந்த இடைவெளியில் போன் என்ன சொல்லித்தர வேண்டும்? 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், இறந்தார்கள் என்று மதிப்பிட்டது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக் கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. கடிவாயைக் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கி, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இதைத் தேடிப் படிக்க அந்த நேரத்தில் இணையம் இருக்காது. படிக்கத் தெரியாதவரும் இருப்பார். மலைமக்களின் பேச்சு வழக்கிலேயே பதிந்த குரலாக இது போனில் இருக்க வேண்டும். விநாடிக்கு 16 கிலோபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு நிமிடப் பேச்சு 120 கிலோபைட்தான்.

மறுமுனை

இவ்வளவும் பாதி வேலை. செய்தி போய்ச் சேரும் இடத்தில் விழித்திருக்கும் மனிதர் இருந்தால்தான் மீதி நடக்கும். மலையின் ஒவ்வொரு நாட்டிலும் செய்தியைப் பெறச் சம்மதிக்கும் சிலர் வேண்டும்: ஜீப் வைத்திருப்பவர், கிராமச் செவிலியர், கடைக்காரர், வனப் பணியாளர். ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போக வேண்டும். 108 ஆம்புலன்ஸ் கிளம்பி வளைவுகள் ஏறி வருவதற்குள் ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் போய் நிற்க முடிந்தால் அதுவே பெரிய உதவி. செய்தி கிடைத்தது என்ற பதில் திரும்பி வரவேண்டியதும் அவசியம். தன் குரல் யாரையோ எட்டிவிட்டது என்று தெரிந்தவர், சிக்னல் தேடி இருட்டில் அலையாமல் இருந்த இடத்திலேயே காத்திருப்பார்.

செயலி கோபுரத்துக்கு மாற்று ஆகாது. மலைமக்களுக்குச் சாலையும் மருத்துவமனையும் போல செல்போன் கோபுரமும் உரிமை. அதைக் கேட்பதை எந்தச் செயலியும் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் கோபுரம் வந்த பிறகும் இந்த வேலை வீணாகாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையே போனில் பேச முடியாமல் தவித்தது. 2016-இல் வர்தா புயல் வீசியபோதும், 2018-இல் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டபோதும், கோபுரங்கள் இருந்த ஊர்களில் சிக்னல் இல்லை. மின்சாரம் போய், கோபுரத்தின் பேட்டரி தீர்ந்ததும், எந்த நகரமும் ஆகாய கங்கைப் பள்ளத்தின் நிலைக்கு வந்துவிடுகிறது. கொல்லிமலையில் வேலை செய்யும்படி கட்டிய செயலி அன்றைக்குச் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் வேலை செய்யும். நகரத்து இணையத்தை நம்பிக் கட்டியது இரண்டு இடத்திலும் கைவிடும். எனவே இத்தகைய செயலியைக் கட்ட விரும்பும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முதல் வரி நிரலை எழுதும் முன்பே போனில் டேட்டாவை அணைத்துவிடுங்கள். அந்த நிலையில் எது வேலை செய்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். இணையம் கிடைத்தால் அதைக் கூடுதல் வசதியாக மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.